கேரல் பர்னெட் நிகழ்ச்சி: அரைமணி மறு ஒளிபரப்பும் முழுமணி டிவிடியும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

பழம்பெட்டி கேட்டது:

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1967 செப்டம்பரில் தொடங்கி 1978 மார்ச் வரை பதினோரு சீசன்கள் ஓடிய கேரல் பர்னெட்டின் பல்சுவை நிகழ்ச்சியை நெடுநாள் யூடியூப் துணுக்குகளாக மட்டுமே அறிந்திருந்தேன். பிறகு அமெரிக்காவில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, 'கேரல் பர்னெட் அண்ட் ஃபிரெண்ட்ஸ்' என்ற பெயரில் மீடிவி அலைவரிசையில் வரும் அரைமணி மறு ஒளிபரப்பை இரவில் பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. ஊர் திரும்பும்போது டைம் லைஃப் வெளியிட்ட டிவிடி தொகுப்பு ஒன்றையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

டிவிடியில் இருப்பவை முழுமணி நிகழ்ச்சிகள். போட்டுப் பார்த்தால் வேறு ஏதோ நிகழ்ச்சிக்குள் நுழைந்துவிட்டது போல இருக்கிறது. குறுநாடகம் ஒன்று முடிந்ததும் சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்து நிதானமாக ஒரு பாட்டு முழுவதும் பாடுகிறார். அடுத்துக் குழு நடனம். இறுதியில் பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் ஓர் இசை நாடகம். யூடியூபிலும் அரைமணிப் பதிப்பிலும் நடிகர் டிம் கான்வே வாயைத் திறந்தாலே எதிரில் இருக்கும் சக நடிகர் ஹார்வி கார்மன் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொள்வார். இந்த முழுமணி நிகழ்ச்சிகளிலோ அப்படிப்பட்ட இடத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து ஏமாந்ததுதான் மிச்சம். கான்வேயே பல நிகழ்ச்சிகளில் இல்லை.

இவற்றுள் எதை உண்மையான நிகழ்ச்சி என்று கொள்வது? வெட்டியவர்கள் எதற்காக வெட்டினார்கள்? புதிதாகப் பார்ப்பவர் எங்கிருந்து தொடங்கினால் நல்லது? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

நாடாக்காரர் எழுதியது:

பழம்பெட்டி அவர்களுக்கு, 1967-இல் ஒளிபரப்பானது முழுமணி நிகழ்ச்சிதான். அரைமணிப் பதிப்பு பின்னாளில் வணிகத்துக்காக உருவாக்கப்பட்டது. ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த இரண்டாவதைத்தான் என்பதால், அது எப்படி உருவானது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மூல நிகழ்ச்சி இன்னும் சிபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த 1977-ஆம் ஆண்டிலேயே, உள்ளூர் நிலையங்களுக்கு விற்பதற்காக அதன் பழைய பகுதிகளை அரைமணித் துண்டுகளாக வெட்டத் தொடங்கிவிட்டார்கள். உள்ளூர் நிலையங்கள் மாலையிலும் பின்னிரவிலும் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே நேரத்தில் ஓட்டுவதற்கு ஏற்ற அரைமணிச் சரக்கைத்தான் விரும்பின. வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதற்கென்று கட்டப்பட்ட நிகழ்ச்சி அந்த அட்டவணைக்குள் அடங்காது. ஆகவே பாட்டும் நடனமும் பெரும்பாலும் கத்தரிக்கப்பட்டன. தொடக்கத்தில் கேரல் பர்னெட் அரங்க விளக்குகளைப் போடச் சொல்லிப் பார்வையாளர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கும் பகுதியும், ஒன்றிரண்டு குறுநாடகங்களும் தங்கின. பாட்டுகளை வெட்டியதில் நேரம் மிச்சமானது மட்டுமல்ல, ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் உரிமையாளரிடம் தனித்தனியே அனுமதி வாங்கிப் பணம் கட்டும் தலைவலியும் தீர்ந்தது. வீட்டு வீடியோவுக்கு இதே சிக்கல் இன்னும் கடுமையாக உண்டு. ஒளிபரப்புக்கு வாங்கிய அனுமதி டிவிடிக்குச் செல்லாது. புதிதாக வாங்க வேண்டும்.

இதைவிட முக்கியமான வெட்டு இன்னொன்று. அந்த அரைமணிப் பதிப்புகள் 1972-க்குப் பிந்தைய சீசன்களிலிருந்து மட்டும் எடுக்கப்பட்டவை. முதல் ஐந்து சீசன்களின் உரிமை, தொடக்க காலத்தில் தயாரிப்பில் பங்கு கொண்டிருந்த பாப் பேனர் நிறுவனத்தின் கையில் இருந்தது. அதனால் அவை பல பத்தாண்டுகள் மறு ஒளிபரப்பாகவே வரவில்லை. உரிமைச் சிக்கல் தீர்ந்து 2015-இல் 'தி லாஸ்ட் எபிசோட்ஸ்' என்ற பெயரில் டிவிடியாக வெளிவந்தபோதுதான் பலர் அவற்றை முதன்முறையாகப் பார்த்தார்கள். பெயர்தான் தொலைந்த நிகழ்ச்சிகள். ஒளிநாடாக்கள் எங்கும் தொலைந்துவிடவில்லை, பெட்டகத்தில் பத்திரமாகவே இருந்தன. (இங்கிலாந்தில் பீட்டர் குக்கும் டட்லி மூரும் நடத்திய 'நாட் ஒன்லி பட் ஆல்ஸோ' நிகழ்ச்சியின் பல நாடாக்களைப் பிபிசி அழித்தே விட்டது. அதோடு ஒப்பிட்டால் பர்னெட் ரசிகர்கள் கொடுத்து வைத்தவர்கள்.)

கான்வே உங்கள் டிவிடியில் அடிக்கடி தென்படாததற்கும் இதுவே காரணம். அவர் தொடக்கத்திலிருந்தே விருந்தினராக வந்து போனவர். வாராவாரம் தோன்றும் நிலையான நடிகரானது 1975-இல்தான். தொடக்கக் குழுவில் இருந்தவர்கள் கேரல் பர்னெட், ஹார்வி கார்மன், விக்கி லாரன்ஸ், லைல் வாகனர் ஆகிய நால்வர். வாகனர் 1974-இல் விலகியதால் அரைமணிப் பதிப்பில் அவர் பாதிக் காலத்துக்கு மேல் இல்லாத மனிதராகிவிட்டார். மறு ஒளிபரப்பை மட்டும் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு, கான்வே நிகழ்ச்சியின் தூண் என்றும் வாகனர் எப்போதோ வந்து போன அழகான ஆள் என்றும் தோன்றுவது இயல்பு. ஏழு ஆண்டுகள் அங்கே இருந்தவருக்கு இது அநியாயம்தான்.

ஒத்திகை எழுதியது:

மேலே சொன்னவற்றுடன் நான் முழுக்க உடன்படுகிறேன். சிரிப்பைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டியது உண்டு.

இந்த நிகழ்ச்சி லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சிபிஎஸ் டெலிவிஷன் சிட்டியின் 33-ஆம் எண் அரங்கில், வெள்ளிக்கிழமைகளில், இரண்டு முறை பதிவாகும். பிற்பகலில் வேடமணிந்த முழு ஒத்திகை, மாலையில் இறுதி நிகழ்ச்சி. இரண்டுக்கும் வெவ்வேறு பார்வையாளர்கள். இரண்டும் ஒளிநாடாவில் ஏறும். பின்னர் இரண்டிலும் நன்றாக வந்த பகுதிகளை எடுத்துக் கோப்பார்கள். கான்வேக்கு இந்த ஏற்பாடு மிகவும் வசதியாக அமைந்தது. முதல் பதிவில் எழுதியதை எழுதியபடி நடித்துக் கொடுப்பார். இயக்குநருக்கு வேண்டிய காட்சிகள் எல்லாம் கிடைத்துவிட்டன என்று தெரிந்ததும், மாலைப் பதிவில் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிடுவார். என்ன வரப்போகிறது என்று எதிரில் நிற்கும் கார்மனுக்குத் தெரியாது. ஒன்று கெட்டுப்போனாலும் பிற்பகல் பதிவு கையில் இருக்கிறது என்ற தைரியம் அனைவருக்கும் இருந்தது.

1969-இல் பதிவான பல் மருத்துவர் குறுநாடகத்தை இதை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். கான்வே படிப்பை அப்போதுதான் முடித்த மருத்துவர்; கார்மன் நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளி. மரத்துப்போகச் செய்யும் ஊசி தவறுதலாக மருத்துவரின் கையிலேயே ஏறுகிறது. கை தொங்கிப் போகிறது. அந்தத் தொங்கும் கையோடு புத்தகத்தைப் புரட்டப் பார்க்கிறார். அடுத்து ஊசி காலில் இறங்க, ஒரு காலை இழுத்துக்கொண்டே நாற்காலியைச் சுற்றி வருகிறார். அதற்கும் பிறகு நெற்றி. படையில் இருந்தபோது ஒரு பல் மருத்துவர் தம் கட்டைவிரலிலேயே ஊசியைக் குத்திக்கொண்ட சம்பவத்திலிருந்துதான் இது பிறந்தது என்று கான்வே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பலரும் இதில் கான்வேயைப் பார்க்கிறார்கள். நான் கார்மனைப் பார்க்கச் சொல்வேன். நோயாளி வாயைத் திறந்துகொண்டு அசையாமல் இருக்க வேண்டும், நடிப்பதற்கு வசனமும் அதிகம் இல்லை, எழுந்து ஓடவும் வழியில்லை. கையால் வாயைப் பொத்துகிறார், முகத்தைத் திருப்புகிறார், பல்வலி போலக் காட்டிக்கொண்டு தோளைக் குலுக்குகிறார். சிரிப்பை ஒளிக்க நடிப்பையே கருவியாக்கிக்கொள்கிறார்.

ஆனால் இப்படிப்பட்ட இடங்கள் அரிதானவை. 270-க்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளிலிருந்து ரசிகர்கள் பொறுக்கியெடுத்துப் பரப்பிய சில நிமிடங்கள்தான் யூடியூபில் வலம் வருகின்றன. 1977-இன் யானைக் கதை இன்னொரு சான்று. கான்வே ஒட்டிப் பிறந்த யானைகளைப் பற்றி வாய்க்கு வந்ததைக் கதை கட்டிக்கொண்டே போக, இறுதியில் விக்கி லாரன்ஸ் ஒரே ஒரு வசவுச் சொல்லால் அவரையும் வீழ்த்திவிடுவார். அந்தச் சொல் அன்றைய தொலைக்காட்சியில் ஒளிபரப்பத் தக்கதன்று. நாம் இன்று பார்ப்பது வெளிவராமல் வைத்திருந்து பின்னாளில் காட்டப்பட்ட பதிவு. அன்று வீட்டில் உட்கார்ந்து பார்த்த நேயர் அறியாத ஒன்றை நிகழ்ச்சியின் அடையாளமாகக் கொண்டால், முழுமணி டிவிடி ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

பழம்பெட்டி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. வாகனரை வந்து போனவர் என்றே நானும் எண்ணியிருந்தேன். இன்னும் ஒரு சந்தேகம். அன்றைய பாடகர்களில் பலர் எனக்கு முற்றிலும் அறிமுகமில்லாதவர்கள். பாட்டு வரும் இடங்களை ரிமோட்டால் தள்ளிவிட்டுக் குறுநாடகங்களை மட்டும் பார்த்தால் நான் எதை இழப்பேன்? நாமே அரைமணிப் பதிப்பு ஒன்றைச் செய்துகொள்வது போலத்தானே அது?

மேடைப்பிரியன் எழுதியது:

தள்ள வேண்டாம் என்பது என் வேண்டுகோள். குறைந்தபட்சம் இறுதி இசை நாடகத்தையாவது தள்ள வேண்டாம்.

கேரல் பர்னெட் நாடக மேடையிலிருந்து வந்தவர். 1959-இல் நியூயார்க்கில் இசை நாடகம் ஒன்றின் நாயகியாகப் பெயர் பெற்று, காரி மூர் நடத்திய பல்சுவை நிகழ்ச்சியில் பயின்று, பிறகே தமக்கென்று ஒரு மணி நேரம் கேட்டார். சிபிஎஸ்ஸுடன் அவர் செய்திருந்த ஒப்பந்தத்தில், முதல் ஐந்தாண்டுகளுக்குள் அவர் விரும்பினால் பல்சுவை நிகழ்ச்சி ஒன்றை நிறுவனம் தந்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவர் அதை நினைவூட்டினார். பல்சுவை ஆண்களுக்கு உரியது, நீங்கள் அரைமணி நகைச்சுவைத் தொடர் ஒன்றில் நடியுங்கள் என்று நிறுவனத்தார் சொல்லிப் பார்த்தும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் போராடி வாங்கியது பாட்டும் நடனமும் இருபத்தெட்டுப் பேர் கொண்ட இசைக்குழுவும் சேர்ந்த ஒரு முழு மணியை. நாம் பார்ப்பதோ அதன் பாதியை.

அடுத்து உடைகள். பாப் மேக்கி என்ற ஒரே வடிவமைப்பாளர் வாரந்தோறும் ஐம்பதுக்கு மேற்பட்ட உடைகளை இந்த நிகழ்ச்சிக்காகச் செய்தார். நகைச்சுவையில் பாதி அவருடைய ஊசியிலும் நூலிலும் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. கான்வேயின் அலுவலகத்தில் வேலை செய்யும் திருமதி விகின்ஸ் என்ற மந்தப் புத்திக்காரச் செயலாளரை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர்கள் அவளை ஒரு கிழவியாகத்தான் எழுதியிருந்தார்கள். அவளை இறுக்கமான பாவாடை அணிந்த இளம்பெண்ணாக மாற்றலாம் என்றவர் மேக்கி. அவர் கொண்டுவந்த பாவாடை பின்புறத்தில் தொளதொளவென்று இருந்தது. அதைப் பிடித்துத் தைக்கும்படி பர்னெட் கேட்டபோது, மேக்கி தைக்க வேண்டாம் என்று சொல்லி, அந்தத் தொய்வை நிரப்பும் வகையில் இடுப்பைப் பின்னால் தள்ளி நடக்கச் சொன்னார். அந்த நடைதான் அந்தப் பாத்திரம் என்று ஆகிவிட்டது. கைப்பேசியில் துணுக்காகப் பார்க்கும்போது இந்த நடை கண்ணில் பட்டும் படாமலும் போய்விடும். பெரிய திரையில், அவள் கதவிலிருந்து மேசை வரை வருவதற்குள் கான்வேயின் பொறுமை எப்படிப் போகிறது என்பதை முழு நீளத்தில் பார்க்க வேண்டும்.

1976 நவம்பர் 13 அன்று ஒளிபரப்பான 'வென்ட் வித் த விண்ட்' என்ற கேலி நாடகத்தையும் அப்படியே பார்க்க வேண்டும். 'கான் வித் த விண்ட்' திரைப்படம் அமெரிக்கத் தேசிய அலைவரிசையில் முதன்முறையாக, என்பிசியில் இரண்டு இரவுகளாக, காட்டப்பட்டது அதற்கு முந்தைய ஒரு வாரத்துக்குள்தான். நாடே பார்த்து முடித்த சூட்டோடு கேலி வந்தது. வறுமையில் வாடும் நாயகி சன்னல் திரைச்சீலையைக் கழற்றி உடையாகத் தைத்துக்கொள்ளும் காட்சி மூலப்படத்தில் உண்டு. பர்னெட் மாடிப்படியின் உச்சியில் தோன்றும்போது திரைச்சீலை மட்டுமன்றி அதைத் தாங்கும் கம்பியும் தோளின் குறுக்கே அப்படியே இருக்கிறது. துணியை ஏனோதானோவென்று மேலே போர்த்திக்கொண்டு வருவதாகத்தான் எழுதியிருந்தார்கள்; கம்பியை விட்டுவைக்கலாம் என்ற யோசனை மேக்கியுடையது. பர்னெட் படியிறங்கத் தொடங்குவதற்கு முன்பே அரங்கு வெடித்துவிடுகிறது. அடுத்த வசனத்தைச் சொல்ல முடியாமல் நடிகர்கள் காத்து நிற்கிறார்கள். அந்த உடை இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூலப்படத்தை முதலில் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள்; கேலி இரண்டு மடங்கு ருசிக்கும்.

சேலத்துவாசி எழுதியது:

மேடைப்பிரியன் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. விருந்தினர் தனியாக நின்று பாடும் பாட்டுகளை நான் தயங்காமல் தள்ளிவிடுகிறேன். அன்று வானொலியிலும் இசைத்தட்டிலும் தினமும் கேட்ட குரலை முகத்தோடு பார்க்கும் மகிழ்ச்சிக்காக அவற்றைக் கேட்டார்கள். அந்த மகிழ்ச்சி நமக்கு இல்லாதபோது மூன்று நிமிடம் சும்மா உட்காருவானேன்? இறுதி இசை நாடகத்தைத் தள்ளக் கூடாது என்பதில் மட்டும் அவரோடு ஒத்துப்போகிறேன்.

என்னைக் கேட்டால், 1974-இல் தொடங்கிய 'தி ஃபேமிலி' வரிசைதான் இந்த நிகழ்ச்சியின் சிகரம். டிக் கிளேர், ஜென்னா மக்மேகன் என்ற இரட்டை எழுத்தாளர்கள் எழுதியது. தாயின் வேடம் பர்னெட்டுக்கென்று எழுதப்பட்டது. அவரோ மகள் யூனிஸின் வேடத்தைத் தமக்கு எடுத்துக்கொண்டு, தம்மைவிடப் பதினாறு வயது இளையவரான விக்கி லாரன்ஸுக்குத் தாய் வேடத்தைக் கொடுத்துவிட்டார். அமெரிக்கத் தென்பகுதிப் பேச்சு நடையைப் புகுத்தியவரும் டெக்சாஸில் பிறந்த பர்னெட்டே. இதில் சிரிப்புக்கென்று தனியாக எழுதிய வரிகள் குறைவு. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு தாய் மகளைச் சொல்லால் குத்துகிறாள், மகள் கணவன்மீது பாய்கிறாள், கணவன் பழைய சண்டை ஒன்றைக் கிளறுகிறான். சில நேரம் அரங்கமே சிரிப்பதா வேண்டாமா என்று தடுமாறுவது காதில் விழுகிறது. துணுக்காக வெட்டினால் இதில் ஒன்றும் மிஞ்சாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிற நாட்டார் பேச்சையும் தோற்றத்தையும் கேலி செய்யும் பகுதிகள் சில இன்று பார்க்கும்போது நெளிய வைக்கின்றன. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பவர்கள் முன்கூட்டியே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நாடாக்காரர் எழுதியது:

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு இதுவரை யாரும் நேராக விடை சொல்லவில்லை. எட்டாவது முதல் பத்தாவது வரையிலான சீசன்களில், அதாவது 1974 இலையுதிர் காலம் முதல் 1977 வரையிலானவற்றில் தொடங்குங்கள். குடும்ப வரிசை, விகின்ஸ், திரைப்படக் கேலிகள், கார்மன், கான்வே எல்லாம் ஒருசேரக் கிடைக்கும் காலம் அது. பதினோராவது சீசனைக் கடைசிக்கு வையுங்கள். 1977-இல் கார்மன் விலகிய பிறகு நடிகர் டிக் வான் டைக் சில மாதம் வந்து பார்த்தும் அந்த இடம் நிரம்பவில்லை. முதல் சீசனுக்கு அதற்குப் பிறகு போனால், பத்தொன்பதைக்கூட எட்டாத விக்கி லாரன்ஸ் தயங்கித் தயங்கிப் பர்னெட்டின் தங்கையாக நடிப்பதிலிருந்து அந்தத் தாய் வேடம் வரை எவ்வளவு தொலைவு வந்திருக்கிறார் என்பது விளங்கும்.

டிவிடி அமெரிக்காவில் வாங்கியது என்பதால் இரண்டு எச்சரிக்கைகள். டிவிடி எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்பதை வரையறுக்கும் மண்டலக் குறியீடு ஒன்று உண்டு; அவை முதல் மண்டலக் குறியீடு கொண்டவை. இந்தியா ஐந்தாம் மண்டலம். இங்கு விற்கும் சாதாரணப் பிளேயர் ஏற்காமல் போகலாம். எல்லா மண்டலத்தையும் ஏற்கும் பிளேயர் வேண்டும். கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை மாற்றலாம் என்றாலும் பொதுவாக ஐந்து முறைக்கு மேல் அது இடம் தராது. கடைசியாக மாற்றிய மண்டலத்திலேயே நிலைத்துவிடும். ஆகவே விளையாட்டாக மாற்றிப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, படத்தின் ஓட்டம். இந்த நிகழ்ச்சி ஒளிநாடாவில் பதிவானது. நொடிக்கு ஏறத்தாழ அறுபது அரைப்படங்கள் ஒன்றைவிட்டு ஒன்றான கோடுகளாக அதில் உள்ளன. இணையத்தில் ஏற்றுபவர்கள் பலர் அதை நொடிக்கு முப்பது முழுப்படங்களாகச் சுருக்கிவிடுகிறார்கள். அதனால் நேரில் நடப்பது போன்ற அந்த வழுக்கும் ஓட்டம் போய், சினிமா போன்ற ஒரு விட்டுவிட்டு வரும் தன்மை ஏற்படுகிறது. கான்வே கிழவன் வேடத்தில் அங்குலம் அங்குலமாகப் பாதத்தை நகர்த்தி வரும் நடையில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். கணினியில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் பார்ப்பதானால் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸ் என்பதை இயக்கி, அதன் முறையாக 'யாடிஃப் 2எக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்தை அகலத் திரைக்கு இழுக்காமல், நான்குக்கு மூன்று என்ற அதன் அளவிலேயே இருக்கும்படி விட்டுவிடுங்கள்.